தேன்சிட்டுக்குக் கால் உண்டு

அன்புள்ள தம்பிக்கு,

பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க ஒரு கடைக்குப் போயிருந்தேன். நாற்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் இன்னொருவர் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து முகவாயைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. அது கிடக்கட்டும். கல்லாவுக்கு மேலே நீ எடுத்த படம் மாட்டியிருந்தது. செவிலிமேட்டில் உன் வீட்டுக் கிணற்றடிச் செம்பருத்தி, அதன் முன்னால் அந்தரத்தில் ஓர் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஆண். கீழே பொன்னெழுத்தில் ‘தமிழ்நாட்டு ஹம்மிங்பேர்ட், 1/8000 நொடி’ என்று போட்டிருந்தாய். ஒரே வரியில் இரண்டு தப்பு. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஃபோகஸ், மறைவில் அசையாமல் உட்காருவது இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 1/8000தான் முதல் தகராறு. ஃபிளாஷில் ‘ஹை ஸ்பீட் சிங்க்’ என்று ஒரு வசதி இருக்கிறதே, பெயரைப் பார்த்து ஏமாந்துவிட்டாய். அதிவேக ஃபிளாஷ் என்பது வேறு. நீ போட்டதில் ஷட்டரின் இரண்டு திரைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய இடுக்கு படத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நகரும். அது போய்ச் சேரும்வரை ஃபிளாஷ் டியூப்லைட் மாதிரி துடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது 1/8000 நொடி வெளிச்சம்தான், வாஸ்தவம். ஆனால் இடுக்கு முழுப் படத்தையும் கடக்கச் சுமார் 1/250 நொடி ஆகிறது. இறக்கை நுனி நொடிக்கு 10 மீட்டர் போகிறதென்று வைத்துக்கொள். அதற்குள் 4 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அந்தக் குருவியே மொத்தம் 10 சென்டிமீட்டர்தான்! உன் படத்தில் இடது இறக்கை நுனி அரிவாள் மாதிரி வளைந்திருக்கிறது, பார்த்தாயா? எந்தத் தேன்சிட்டுக்கும் அப்படி இறக்கை கிடையாது. உன் ஷட்டர் வளைத்த வளைவு அது.

ஷட்டரை 1/200இல் விட்டுவிடு, இந்த வேலையில் அதற்குப் பங்கே இல்லை. நிழலான இடமாகப் பார்த்து, துவாரத்தைச் சுருக்கி, ஃபிளாஷ் போடாமல் ஒன்று எடுத்துப் பார். படம் கறுப்பாக வந்தால் சரி. பிறகு ஃபிளாஷின் பலத்தை 1/32, 1/64 என்று குறை. கையடக்க ஃபிளாஷ் பலத்தைக் குறைப்பதே வெளிச்சத்தைச் சீக்கிரம் வெட்டித்தான். குறைக்கக் குறைக்க அது 1/15000, 1/20000 நொடி என்று சுருங்கும். இறக்கையை நிறுத்துவது அந்த வெட்டு. வெளிச்சம் போதாது என்பாய். அதனால்தான் ஒன்றுக்கு மூன்றாக, பூவுக்கு ஒரு முழத்தில் வைக்கிறோம். பின்னால் ஒரு வாழையிலையை நட்டு அதற்கும் ஒன்று வை. பட்டப்பகலில் பூத்த செம்பருத்திக்குப் பின்னால் அமாவாசை இருட்டு எதற்கு?

இது சொன்னால் திருந்துகிற தப்பு. மற்றதுதான் எனக்கு ஆறவில்லை.

ஹம்மிங்பேர்ட், தமிழில் ஓசனிச்சிட்டு, அமெரிக்கக் கண்டங்களை விட்டு வேறெங்கும் கிடையாது. அது உழவாரன் குருவிக்கு உறவு. முன்னே வீசும்போதும் பின்னே வீசும்போதும் இறக்கை உடலைத் தாங்குவதால் அந்தரத்தில் நிற்பது அதற்குப் பிழைப்பு. கால் பேருக்குத்தான், கிளையில் உட்காரலாம், நடக்க முடியாது. நம் தேன்சிட்டு காகமும் சிட்டுக்குருவியும் சேர்ந்த கூட்டம். அதுவும் அந்தரத்தில் நிற்கும், ஆனால் வேறு வழியில்லாமல், தத்தளித்துக்கொண்டு, கொஞ்ச நேரம். அதன் சாமர்த்தியமெல்லாம் காலில்.

இதை நான் தறியில் உட்கார்ந்து கற்றேன். எங்கள் வீடும் அப்போது செவிலிமேடுதான், சாலைக் கிணற்றுக்குப் போகிற வழியில். அப்பா குழித்தறியில் கோர்வைப் புடவை நெய்வார். கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா. கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஒரு பையன் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான்தான் அந்தப் பையன். உட்காருகிற இடத்துக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே செம்பருத்தி. தறி தடதடக்கும்வரை தேன்சிட்டு பயப்படாது, தறி நின்றால்தான் பறக்கும். காம்பைக் காலால் பற்றித் தலைகீழாகத் தொங்கும். பூவின் வாய்ப்பக்கம் போகாமல் அடியில் அலகால் குத்தித் தேனைத் திருடும். நாடாவைத் தவறவிட்டு எத்தனை குட்டு வாங்கியிருப்பேன்!

இத்தனையும் பார்த்து வளர்ந்தவன் பின்னால் என்ன செய்தேன் தெரியுமா? சென்னையில் ஒரு நூலகத்தில் கிராஃபோர்ட் கிரீன்வால்ட்டின் புத்தகத்தைப் பார்த்தேன். டூபான்ட் கம்பெனிக்குத் தலைவராக இருந்த மனிதர், 1960இல் ஓசனிச்சிட்டுகளை அதிவேக ஃபிளாஷில் படமெடுத்துப் புத்தகம் போட்டார். அவருக்கும் முன்னால் 1930களிலேயே எம்.ஐ.டி.யின் ஹரால்ட் எட்ஜர்டன் அந்தக் குருவியின் இறக்கையை நிறுத்திக் காட்டிவிட்டார். எனக்குப் பித்துப் பிடித்தது. பழைய விவிடார் 283 ஃபிளாஷ் இரண்டு வாங்கி, ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவரை வைத்து வெளிச்சத்தைச் சுருக்க ஒரு திருகு வைத்துக்கொண்டு, தேன்சிட்டை ஓசனிச்சிட்டாக்க மூன்று கோடை பாடுபட்டேன். 36 படச் சுருளில் 35 வெறும் பூவாக வரும். கல்யாண ஆர்டரில் வந்த காசெல்லாம் ஃபிலிமில் போயிற்று. கடைசியில் கிடைத்த இரண்டு படங்களும் உன் படம் மாதிரியேதான் இருந்தன: கிரீன்வால்ட் படத்தில் உள்ளூர்க் குருவி. உன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேல் வர வேண்டியது.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் படத்தின் தொண்டையை நான் எடுத்ததில்லை. அந்த ஊதாவும் உச்சந்தலைப் பச்சையும் சாயம் இல்லை, சிறகின் நுண் அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிற நிறம். கோணம் ஒரு விரற்கடை தப்பினால் இரண்டும் கரியாகிவிடும். இரண்டும் ஒரே படத்தில் எரிவதற்கு விளக்கை எங்கே வைப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், காரணம் வேறுதான். ஆனாலும் அந்தப் புடவையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்த கண்ணுக்குத்தான் இந்த விளக்கு வைக்க வரும். கடைக்காரர் இரண்டு தரம் கூப்பிட்டும் எனக்குக் காதில் விழவில்லை. அவ்வளவு நல்ல தொண்டை.

அதனால்தான் கேட்கிறேன். உன் படத்தின் வலது விளிம்பு செம்பருத்திக் காம்பை ஒட்டி வெட்டப்பட்டிருக்கிறது. குருவியின் கால் விரல்கள் விரிந்து அந்தப் பக்கம் நீள்கின்றன. அது அங்கே நிற்கவே இல்லை, காம்பைப் பற்றப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தரத்தில் நிற்பதாகக் காட்டக் காம்பை நீதான் வெட்டினாய், இல்லையா?

விவிடார் இரண்டும் இன்னும் பிள்ளையார்பாளையத்து வீட்டில் பரணில்தான் கிடக்கின்றன, எடுத்துக்கொண்டு போ. நேரே கேமராவில் மட்டும் மாட்டிவிடாதே, பழைய ஃபிளாஷ்களின் டிரிக்கர் வோல்டேஜ் உன் டிஜிட்டல் கேமராவைத் தீய்த்துவிடக்கூடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது வெட்டாத முழுப் படத்தைக் கொண்டு வா. எனக்கு அந்தக் காம்பைப் பார்க்க வேண்டும்.