தீப்பட்ட மேட்டுநிலமும் கீழ்வயலும்

மலைச்சரிவிற் பற்றிய தீ அணைந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுதல் தவறாகும். தீ தொடங்கிய நட்டத்தை அடுத்து வரும் மழையே முடித்து வைக்கின்றது.

ஊவாப் பகுதியில் யூன் முதல் செப்ரெம்பர் வரை மழை குறைவு. வறண்ட காற்றோ பலமாக வீசும். அக்காலத்திற் பத்தனை நிலங்களில் மானாப்புல் காய்ந்து சருகாகிவிடும். மாடுகளுக்கு இளம்புல் முளைக்கும் என்று வைக்கும் தீயும், வேட்டைக்காரர் வைக்கும் தீயும், கவனமின்றி எறியும் நெருப்பும் அங்கிருந்து காட்டுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் பரவுகின்றன. ஒக்ரோபரில் இடியுடன் கூடிய மழை தொடங்குகின்றது. தீக்கும் மழைக்கும் இடையே உள்ள சில வாரங்களே கிராமத்துக்குக் கிடைக்கும் அவகாசம்.

நிலத்துக்கு நேர்வது யாது?

புல்லும் சருகும் மழைத்துளியின் வேகத்தைத் தாங்கி மண்ணைக் காக்கின்றன. அவை எரிந்தபின் துளி நேரே மண்ணைத் தாக்கும். கடுந்தீ பட்ட மண் சில இடங்களில் நீரை உறிஞ்சாத தன்மையையும் அடையும். இதனை அறிய, சாம்பலை ஒதுக்கிவிட்டு ஒரு சிரட்டை நீரை மண்மேல் மெதுவாக ஊற்றிப் பார்க்கலாம். நீர் உட்செல்லாது முத்துப்போல் திரண்டு நின்றால் மழைநீரும் அவ்வாறே உட்செல்லாமல் ஓடும் என அறிக. ஓடும் நீர் மேல்மண்ணை வாரிச்சென்று கீழ்வயலை மூடும், வாய்க்காலைத் தூர்க்கும், கிணற்றைக் கலக்கும். ஆகவே, மேட்டுத்தோட்டம் எரிந்தவனுக்கு மட்டுமே நட்டம் என்று கீழ்வயற்காரர் வாளாவிருத்தல் ஆகாது.

சாம்பல் உரமாகுமா?

சாம்பலிற் பொற்றாசும் சுண்ணாம்பும் உண்டு. ஆனால் நைதரசனின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். முதல் மழையிலேயே சாம்பலும் அடித்துச் செல்லப்படும். எனவே எரிந்த நிலம் வளம் பெற்றது என நம்பிப் பசளையைக் குறைத்தலாகாது. சாம்பலை அள்ளி உருளைக்கிழங்குப் பாத்தியிற் குவிப்பதும் தவறு. மண்ணின் காரத்தன்மை கூடினால் கிழங்கிற் சொறிநோய் மிகும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

1. வைக்கோல் மூடல்: சிறுபோக அறுவடை முடிந்த களங்களில் வைக்கோல் கிடைக்கும் காலம் இதுவே. அதனை எரிக்காமல் மேட்டுத்தோட்டக்காரருக்குக் கொடுத்துதவுதல் வேண்டும். செங்குத்தான சரிவுகளிலும் வயலுக்கு மேலுள்ள இடங்களிலும் முதலிற் பரப்புக. காற்று அள்ளாதபடி மேலே கிளைகளை இடுக. கீழ்வயலார் கொடுக்கும் வைக்கோல் அவர்களது வயலையே காக்கும்.

2. குறுக்கணைகள்: கருகி விழுந்த மரங்களைச் சரிவுக்குக் குறுக்கே, நிலத்தோடு இடைவெளியின்றிக் கிடத்தி, கீழ்ப்புறத்தில் முளையடிக்க வேண்டும். கல் கிடைக்குமிடத்திற் கல்லணை கட்டலாம். சரிவு கூடக்கூட அணைகள் நெருங்கி அமைதல் வேண்டும். நீர் ஓடிய பள்ளங்களில் மேலிருந்து கீழாகச் சுள்ளி அணைகள் இடுக.

3. சமமட்டம் காணல்: ஒரே அளவான இரு கம்புகளின் நுனிகளைச் சேர்த்துக் கட்டி, அடிகளை அகற்றி, நடுவே குறுக்குக் கம்பு ஒன்று கட்டவும். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடவும். இரு கால்களையும் நிலத்தில் ஊன்றி, நூல் படும் இடத்தைக் குறுக்குக் கம்பிற் குறிக்கவும். பின்பு கால்களை இடம் மாற்றி ஊன்றி மறுபடியும் குறிக்கவும். இரு குறிகளுக்கும் நடுவே நூல் நின்றால் கால்கள் சமமட்டத்தில் உள்ளன. இவ்வாறு கண்ட இடங்களை இணைத்தே அணை போடுதல் வேண்டும்.

4. ஆழமாகக் கொத்தாமை: எரிந்த சரிவை மழைக்கு முன் மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தினால் மண் இளகி ஓடும். நீரை ஏற்காத இடங்களில் மேற்பரப்பைச் சரிவுக்குக் குறுக்காக இலேசாகக் கீறிவிட்டாற் போதும்.

5. வாய்க்காலும் கிணறும்: வாய்க்காலிலும் அணைக்கட்டிலும் கிடக்கும் சாம்பலையும் கரியையும் அகற்றுக. கிணற்றைச் சுற்றி மண்வரம்பு எழுப்புக.

மழை தொடங்கியபின் கொள்ளு, கௌபி, சணல் முதலியவற்றை நெருக்கமாக விதைத்து மண்ணை மூடலாம். அணைகளின் வழியே வெட்டிவேரும் கிளிரிசிடியாவும் நட்டால் அவை நாளடைவில் நிலையான வேலியாகும். கருகிய பழமரங்களை உடனே வெட்டுதல் வேண்டாம். பட்டையைச் சிறிது சுரண்டிப் பார்க்கையில் உட்புறம் பசுமையாயிருந்தால் மரம் தளிர்க்கும். புதிதாக முளைக்கும் புல்லில் மாடுகளை விடாது காத்தல் அவசியம். குளம்பு பட்டால் இளகிய மண் பெயரும்.

குடும்பங்களுக்கு உதவி

தீயில் விதையும் கருவிகளும் இழந்த குடும்பத்துக்கு ஒரு வேளை உணவு அன்றைய பசியைத் தீர்க்கும். பருவத்தில் கிடைக்கும் விதையோ ஆண்டு முழுவதும் காக்கும். அயலவர் விதைநெல்லும் விதைக்கிழங்கும் கடனாகக் கொடுத்து, அறுவடையில் அதே அளவைத் திரும்பப் பெறலாம். சிரமதான நாளில் ஆளில்லாத வீட்டாரின் நிலத்திலிருந்தே வேலையைத் தொடங்குதல் முறை. விதவையரும் முதியோரும் தாமே வந்து கேட்கத் தயங்குவர். அவர்களை நாடிச் செல்லுதல் வேண்டும்.

எரிந்த பரப்பையும் பயிரையும் குறித்துக் கிராம அலுவலருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் தாமதமின்றி அறிவிக்கவும். பயிர்க் காப்புறுதி உள்ளவர்கள் நிலத்தைத் துப்புரவாக்குமுன் காப்புறுதிச் சபைக்கு அறிவித்தல் நன்று. மழைக்காலத்திற் சரிவில் வெடிப்புத் தோன்றினாலோ, ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ அவ்விடத்தை விட்டு உடனே நீங்கி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கவும்.

அடுத்த கோடைக்கு முன் தோட்ட எல்லையிற் புல்லைச் செதுக்கி, புல்லின் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாத அகலத்தில் வெறுமண் பட்டை அமைத்தல் வேண்டும். மேட்டு மண் மேட்டில் நின்றாலே கீழ்வயலில் நெல் நிற்கும். இதனை உணர்ந்து மேட்டாரும் வயலாரும் ஒன்றுகூடி வேலை செய்யும் கிராமம், தீயினால் இழந்ததை விரைவில் மீட்கும்.