வாரக்கூலி வீட்டின் மாதக் கணக்கு

கேள்வி: கணவருக்குப் பெங்களூரில் கட்டட வேலை. மழை பிடித்தால் வாரக்கணக்கில் பணம் வராது. செலவை எப்படிச் சமாளிப்பது?
— வாசகி, பாலக்கோடு

பதில்: நல்ல வாரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் அம்மா. கடந்த மாதங்களில் எதில் மிகக் குறைவாக வந்ததோ, அதுதான் உங்கள் மாதச் சம்பளம். அதற்கு மேல் வருவதை அன்றைக்கே தபால் நிலையத்தில் போட்டுவிடுங்கள். அஞ்சறைப்பெட்டியில் கிடந்தால் யார் வீட்டு மொய்க்காவது போய்விடும்!

மகளிர் உரிமைத்தொகை வருகிறதா? (அதற்கான விண்ணப்ப முகாமே 2023 ஜூலையில் நம் தொப்பூரில்தான் தொடங்கியது.) அதைச் சிலிண்டருக்கென்றே ஒதுக்குங்கள்.

சமையலறையில் ஊரே உங்களுக்குத் துணை. 2023 மே முதல் தருமபுரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் வசதி உண்டு. களி ஒரு வேளை இருந்தால் இட்லி மாவுச் செலவு குறையும். புளியை மாசி, பங்குனியில் வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி, கொட்டை நீக்கி, உப்புப் பிசறிப் பானையில் அடைத்துவிடுங்கள். தக்காளியை நம்பக் கூடாது. உங்கள் ஊர் மண்டியில் ஒரு மாதம் கேட்பாரில்லாமல் கிடக்கும், இன்னொரு மாதம் கிலோ நூறைத் தொடும். அப்போது அந்தப் புளி கைகொடுக்கும்.

வாரத் தவணைக் கடன் மட்டும் வேண்டாம். கூலி தவறினாலும் தவணை தவறாது. அவசரமென்றால் கூட்டுறவுச் சங்க நகைக்கடனைக் கேட்டுப் பாருங்கள்.