சகோதரர் சட்டை

கேள்வி: எனது 1958ஆம் வருஷத்து மொறிஸ் மைனரின் 948 சீசீ எஞ்சினைப் பிரித்து வைத்திருக்கிறேன். 1098 சீசீ எஞ்சினின் பாகங்கள் இதற்குப் பொருந்துமா?
– ஒரு வாசகர், கட்டுகஸ்தோட்டை

பதில்: கடுகண்ணாவை ஏற்றத்தில் பாரமேற்றிய லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரிலே முனகி முனகி ஏறிய அனுபவமுள்ள எவருக்கும் இந்த ஆசை உதிப்பது சகஜமே. ஆயினும், 1956இல் வந்த 948உம் 1962இல் வந்த 1098உம் 'ஏ' வரிசை என்னும் ஒரே வம்சத்துச் சகோதரர்களாயிருந்தபோதிலும், தம்பியின் சட்டை முழுவதும் தமையனுக்குச் சேர்ந்துவிடுவதில்லை. பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் முன்னதில் 76.2 மில்லிமீற்றர், பின்னதில் 83.7, சிலிண்டரின் விட்டமும் வேறு, ஆகையால் கிராங்கையும் பிஸ்டனையும் உதிரியாய்க் கடன் வாங்குவது விபரீதத்தில் முடியும்.

ஹெட்டின் விஷயம் அப்படியன்று. வால்வுகள் சற்றே பெரிதான 1098இன் ஹெட், உங்கள் புளொக்கின்மீது சுகமாகவே அமர்ந்து, எஞ்சினின் சுவாசத்தை விசாலமாக்கும். எனினும் அதன் எரியறை சிறிது பெரிதாகையால், அமுக்கம் குறையாதிருக்கும் பொருட்டு அடிமுகத்தை அளவாய்ச் சீவவேண்டும். வாங்குமுன், வார்ப்பிலுள்ள இலக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வாசியுங்கள்: 12ஜி202 என்றிருந்தால் எடுக்கலாம், 12ஜி940 என்றிருந்தால், அதன் பெரிய புகைவால்வு திறக்கையில் புளொக்கில் மோதுமாதலால், விட்டுவிடுவதே விவேகம்.