சிறுவர் நாடகக் குழுக்கள்: இலண்டனும் மதுரையும்

1600ஆம் ஆண்டு டிசம்பரில், பள்ளிக்கூடஞ் சென்றுகொண்டிருந்த தாமஸ் கிளிஃப்டன் என்னுஞ் சிறுவன் இலண்டனிற் பிடித்துச் செல்லப்பட்டான். பிடித்தவர் கள்வரல்லர், பிளாக்ஃபிரையர்ஸ் நாடகசாலையார்! எலிசபெத் அரசியின் தேவாலயப் பாடகர் குழாத்திற்குச் சிறுவரைச் சேர்க்கவென அளித்த ஆணையை அவர்கள் நாடகத்திற்குப் பயன்படுத்தினர். தந்தை செல்வாக்குடையவராதலின் மகன் ஒரு பகலும் ஓரிரவுங் கழிந்து மீண்டான். 1601இல் அவர் மன்றேறி முறையிட்டார். பிற சிறுவர்க்கு அத்தகு தந்தையர் வாய்த்திலர். அவருள் ஒருவனாகிய சாலமன் பேவி கிழவர் வேடத்திற் பெரும்புகழ் எய்தி, ஏறத்தாழப் பதின்மூன்று வயதில், 1602இல் இறந்தான். பென் ஜான்ஸன் அவனுக்கு இரங்கற்பா இயற்றினார்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மேகமலை அடிவாரத்தினனாகிய எனக்கு மதுரை அண்மையூரே. அங்கு 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். பெண்வேடமும் சிறுவரே பூண்டனர். ஆறு வயதில் அதிற் சேர்ந்தவர் தி. க. சண்முகம். அவரை எவருங் கவர்ந்து சென்றிலர். நடிகராகிய தந்தையே சேர்த்தார். ஆயினும் ஆறு வயதுக் குழந்தை தானே தெரிந்த தொழில் அது என்று கூறுதல் எனக்கு ஒவ்வாது. பள்ளியிற் கற்கும் பருவத்தில் சுவாமிகளின் பாடல்களே அவர்க்குப் பாடமாயின. பின்னாளில் மூதாட்டி வேடத்தால் ஒளவை சண்முகம் எனப் பெயர் பெற்ற அவர், தம் வரலாற்றை ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலாக 1972இல் வெளியிட்டார்.