செல்போன் சத்தத்துக்குப் பறவை ஆசையாக ஓடி வருகிறதா?

"அதோட சத்தத்தப் போட்டா எப்படி ஆசையா ஓடி வருது பாத்தியளா சார்?" மார்கழி பிறந்துவிட்டால் போதும், இலஞ்சித் தோப்புகளில் கேமராவும் ஸ்பீக்கருமாகத் திரிகிறவர்களிடம் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆசையாவது ஒன்றாவது! தன் இடத்துக்குள் இன்னொரு பறவை புகுந்துவிட்டதென்று விரட்ட வருகிறது.

ஆறுமணிக்குருவியைத்தான் அதிகம் பாடாய்ப்படுத்துகிறார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவு நேரங்களில் பறந்து அக்டோபர் வாக்கில் இங்கே வருகிறது. வந்த களைப்பில் சுவரில் மோதி, வராந்தாவில் சுருண்டு கிடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். பிழைத்த குருவி தோப்பில் தனக்கென்று ஓரிடம் பிடித்து, சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்று, கோடையில் ஊர் திரும்ப உடம்பைத் தேற்றுகிறது. விடியலிலும் அந்தியிலும் அலகை மேலே தூக்கிச் சீழ்க்கை அடிக்கிறதே, 'இது என் இடம், வராதே' என்று பக்கத்துக் குருவிக்குச் சொல்வது அது. அதையே ஸ்பீக்கரில் திரும்பத் திரும்பப் போட்டால், இரையை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும். குட்டை வாலை ஆட்டிக்கொண்டு வெட்டவெளிக்கு வந்து நிற்கும். மேலே வல்லூறு இருந்தால் தீர்ந்தது. கேமராவோடு வந்த ஒரு கூட்டம் போனதும் அடுத்த கூட்டம் வந்து அதே சத்தத்தைப் போடுகிறது.

அடைகாக்கும் பறவை என்றால் முட்டையை விட்டே எழுந்து வரும். ஈக்வடாரில் தினமும் இப்படி ஒலி போட்டுச் சோதித்த ஆய்வு 2013-இல் வெளியானது. ஒரு பறவையினம் முதலில் வழக்கத்தைவிட அதிகம் கத்தியது, சில நாளில் பதில் சொல்வதையே விட்டுவிட்டது. "பழகிடுச்சுல்லா" என்பார்கள். நிஜ எதிரி வரும்போதும் சும்மா இருந்துவிட்டால்?

பறவை பார்ப்பதே கெடுதல் என்பது இன்னொரு கதை. பறவை பார்ப்பவர்களை நம்பித்தான் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-லிருந்து நடக்கிறது. 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்டோர் தந்த பதிவுகளை வைத்து 942 இனங்களை அலசியது. குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியும் நல்லதுதான், அதிலுள்ள ஒலியைப் பறவைக்குப் போட்டுக் காட்டாதவரை.

குஞ்சின்மீது மனிதக் கை பட்டால் தாய் கூட்டுக்குத் திரும்பாது என்பது பெரும்பாலும் பொய். அதற்காகக் கூட்டருகே போய்விடாதீர்கள், நீங்கள் எட்டிப் பார்க்கும் இடத்தைக் காக்கை கவனிக்கிறது. கூட்டைக் குலைப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே சொல்கிறது.

நல்ல பறவை பார்க்கக் குற்றாலம் மலைக்குத்தான் போக வேண்டுமாம்! வயல்வரப்பில் நிற்கும் மொட்டைப் பனையை அண்ணாந்து பாருங்கள். அதிலுள்ள பொந்துகளில் கிளி, மைனா, புள்ளி ஆந்தை, பனங்காடை எல்லாம் குடியிருக்கும். அதைத்தான் 'பட்டுப்போன மரம்' என்று சாய்க்கிறோம். பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. பட்ட பனைக்காக மனுப்போட யாரும் வரப்போவதில்லை; வயல்காரர்கள்தான் மனசு வைத்து அதை நிற்க விட வேண்டும்.