பன்னீரும் கொய்யாவும் சேர்த்த பச்சைச் சாலட்

பாடாங் செராய் வெக்கையில் சாலட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். இலையை ஈரத்தோடு பாத்திரத்தில் போட்டால் சாறும் உப்பும் ஒட்டாமல் வழிந்து அடியில் தேங்கிவிடும்.

நான்கு பேருக்குக் கேமரன் மலை சாலட் இலை ஒரு கட்டு, வல்லாரை இரண்டு கைப்பிடி போதும். வல்லாரையைப் பசாரில் வாங்குங்கள். மலாய்க்கார அம்மாக்கள் 'பெகாகா' என்று கட்டி வைத்திருப்பார்கள். தோட்டத்துக் கால்வாய் ஓரம் சும்மா மண்டிக் கிடக்கிறதே என்று பறிக்காதீர்கள். பாராகுவாட் களைமருந்தை 2020 ஜனவரி 1 முதல் மலேசியா தடை செய்துவிட்டது. ஆனாலும் செம்பனைக்கு அடியில் வேறு களைமருந்து அடிக்கிறார்கள். இலையை ஐஸ் தண்ணீரில் 10 நிமிடம் போட்டு, நன்றாக உதறி, துண்டில் சுருட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

சீஸுக்கு ஃபெட்டா தேடி அலைய வேண்டாம், பன்னீர் போதும். அட்டைப்பெட்டியில் வரும் யூஎச்டி பால் சரியாகத் திரியாது. குளிர்பெட்டியில் விற்கும் ஃபிரெஷ் பாலோ, மாடு வைத்திருப்பவரிடம் வாங்கிய பாலோ ஒரு லிட்டர் எடுங்கள். பொங்கியதும் அடுப்பை அணைத்து, எலுமிச்சைச் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறுங்கள். பால் மரத்துப் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்த குடும்பங்களுக்கு இந்த வேலை புதிதல்ல. நீர் இளம்பச்சையாகத் தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் விட்டால் பன்னீர் இறுகிப் புளிக்கும். துணியில் வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, அம்மிக்குழவியை அரை மணி நேரம் மேலே வைத்தால் 150 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும்.

பழத்துக்குக் கடிக்கக் கரகரவென்று இருக்கும் கொய்யாதான் என் தேர்வு. மாம்பழமும் பம்ளிமாஸும் பொருந்தும். அன்னாசி மட்டும் வேண்டாம். அதிலுள்ள புரோமெலைன் பால் புரதத்தைச் சிதைப்பதால் கொஞ்ச நேரத்தில் பன்னீர் கசந்துவிடும்.

கஸ்தூரி எலுமிச்சை ஆறு பிழிந்து, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய சிலி பாடி ஒன்று சேர்த்துப் போத்தலில் குலுக்குங்கள்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகே கலக்குங்கள். உப்பு பட்டதும் இலை நீர் விடத் தொடங்கும். கலந்தது மறுவேளைக்கு ஆகாது. கலக்காத பன்னீர் குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும்.