பிள்ளைக்கு அம்மையா? சொல்வதும் அமானிதமே

 

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் போகும் வழியில் 'சர்க்' என்னும் இடத்தை அடைந்தபோது, அந்நாட்டில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. தோழர்களைக் கலந்தாலோசித்துத் திரும்ப முடிவு செய்தார்கள். அப்போது அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் நுழையவும், அங்கிருந்து தப்பியோடவும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதைத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள். செய்தி முன்னே வந்ததால் ஒரு கூட்டமே நோய்க்குள் நுழையாமல் நின்றது.

நம் மாலை மதரஸாவில் மூன்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நாமும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. நான்காவது பிள்ளைக்குத் தடிப்பு வந்த பிறகே தட்டம்மை என்று தெரிந்தது. அந்தப் பிள்ளையின் வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை இருந்தது. தவறு நம்முடையதும்தான்.

"பிள்ளையை வீட்டில்தானே வைத்திருந்தோம்" என்பார்கள். அது போதாது. தட்டம்மை, தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரவும். நாம் கண்டுபிடிக்கும்போது பிள்ளை வகுப்பில் பலரோடு உட்கார்ந்து ஓதி முடித்திருக்கும். தடுப்பூசி போடாத பிள்ளைக்கு, நோயாளியோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோய் வராமல் தடுக்க வாய்ப்புண்டு. நாம் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வாய்ப்பு கரைகிறது. முதல் தடுப்பூசி 9 மாதம் முடிந்த பிறகே போடப்படுவதால், கைக்குழந்தைகளுக்கு நம் எச்சரிக்கையே முதல் காவல்.

செய்ய வேண்டியவை:

1. காய்ச்சலோடு தடிப்போ கொப்புளமோ கண்டால், அன்றே ஆசிரியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ சொல்லுங்கள்.

2. ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை என்ற சந்தேகம் வந்தாலே பொறுப்பாளர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நகராட்சி சுகாதாரப் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் 104-ஐ அழைக்கலாம்.

3. வகுப்பு, எத்தனை பேர், தடிப்பு தொடங்கிய நாள், தடுப்பூசி விவரம், வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கிறார்களா என்பதைக் கூறுங்கள்.

4. தட்டம்மை என்றால் தடிப்பு வந்து 4 நாள் கழியும்வரையும், சின்னம்மை என்றால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரையும் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

"இது புறம் பேசுவதாகாதா?" என்று சிலர் தயங்குகிறார்கள். நோய் குற்றமல்ல, பிறரைக் காக்க உரியவரிடம் சொல்வது புறமும் அல்ல. ஆனால் பிள்ளையின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடுவது கூடாது. "இந்த வகுப்பில் தட்டம்மை கண்டிருக்கிறது" என்ற அறிவிப்பே மற்றப் பெற்றோருக்குப் போதும். சொன்ன குடும்பத்தை ஒதுக்காமல், நலம் விசாரித்து உதவுவது ஜமாஅத்தின் கடமை. ஒதுக்கினால் அடுத்த குடும்பம் மறைக்கும்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.